ஆய்வகமும் அங்காடியும்

(பல்கலைக்கழக அறிவியல் பூங்காக்களும் வட்டாரப் பொருளாதாரமும்)

இளநிலை அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

'பூங்கா' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் சேலத்து மாணவர்களுக்கு ஏற்காட்டு ரோசாத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் நான் எழுதப் புகுவது பூச்செடிகள் இல்லாத ஒரு பூங்காவைப் பற்றி. 'சயன்ஸ் பார்க்' என்றும் 'ரிசர்ச் பார்க்' என்றும் ஆங்கிலத்தில் வழங்கும் இதனைத் தமிழில் அறிவியல் பூங்கா என்றும் ஆராய்ச்சிப் பூங்கா என்றும் சொல்கிறோம். ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டிய நிலத்தில் தொழில் நிறுவனங்கள் தம் ஆராய்ச்சிப் பிரிவுகளை அமைத்துக்கொண்டு, அங்குள்ள ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்யும் இடமே அறிவியல் பூங்கா எனப்படும். தொழிற்பேட்டையில் பொருள் உற்பத்தியாகிறது. அறிவியல் பூங்காவிலோ அப்பொருளுக்கு முந்தைய நிலையான கருத்தும் மாதிரியும் உருவாகின்றன.

இதில் உனக்கென்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் ஆட்டையாம்பட்டிக்காரன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா நாள் கூலிக்கு முறுக்குச் சுற்றப் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் தெருவில் எனக்கு முன் பட்டம் பெற்ற மூவரில் இருவர் பெங்களூருவுக்கும் ஒருவர் சென்னைக்கும் போய்விட்டனர். 'படிச்சவன் ஊர்ல தங்கமாட்டான்' என்பதை எங்கள் பக்கத்தில் பெருமையாகவும் சொல்வார்கள், பெருமூச்சோடும் சொல்வார்கள். அறிவியல் பூங்கா வந்தால் வட்டாரம் செழிக்கும், படித்தவர்களுக்குச் சொந்த ஊர்ப்பக்கமே வேலை கிடைக்கும் என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். அது எந்த அளவுக்கு மெய் என்று அறிய விரும்பி நூலகத்தில் படித்தவற்றையும், என் ஊர்ப் பக்கத்தில் பார்த்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விற்க முடியாத நிலம்

உலகின் முதல் பல்கலைக்கழகப் பூங்கா பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு அதை நிறுவியவர்கள் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார்கள். ஆனால் அந்நிலத்தில் ஒரு பகுதியைக்கூட விற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை ஏற்பட்டது. நிலம் இருந்தது, காசு இல்லை. நம் ஊரில் பல பெரிய குடும்பங்களின் நிலை இதுதான். விற்க முடியாவிட்டால் என்ன, குத்தகைக்கு விடலாமே என்று 1951 ஆம் ஆண்டு 'ஸ்டான்போர்டு தொழிற்பூங்கா' தொடங்கப்பட்டது. முதலில் வந்தது வேரியன் என்ற மின்னணுக் கருவி நிறுவனம்.

அப்போது பொறியியல் துறைத் தலைவராக இருந்தவர் பிரடெரிக் டெர்மன். தம்மிடம் படித்த நல்ல மாணவர்கள் எல்லாம் வேலை தேடி நாட்டின் கிழக்குக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்களே என்பது அவருடைய நெடுநாள் குறை. ஆகவே பூங்காவுக்கு முன்பே அவர் தம் மாணவர்களை ஊரிலேயே தொழில் தொடங்கும்படி தூண்டிவந்தார். அப்படித் தொடங்கிய இருவர்தாம் ஹியூலெட்டும் பேக்கார்டும். அவர்களுடைய நிறுவனம் 1939 இல் பாலோ ஆல்டோ நகரில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் தொடங்கியது. பூங்கா 1951 இல் வந்தது. அதாவது, ஆசிரியருக்கும் தொழிலுக்கும் இடையே போக்குவரத்து முதலில் ஏற்பட்டது; கட்டடம் 12 ஆண்டுகள் கழித்துத்தான் எழுந்தது. இந்த வரிசையை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். பின்னால் உலகெங்கும் பூங்கா கட்டியவர்களில் பலர் இதைத் தலைகீழாக்கினார்கள்.

தறிகாரர் மகன் பார்வையில் ஒரு மாநிலம்

ஸ்டான்போர்டைவிட என் மனத்தைத் தொட்டது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கதைதான். 1950களில் அது நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்று. அங்கே இருந்த தொழில்கள் மூன்று: புகையிலை, நூற்பும் நெசவும், மரச்சாமான். மூன்றிலும் கூலி குறைவு. ராலே, டர்ஹாம், சேப்பல் ஹில் என்னும் மூன்று நகரங்களில் மூன்று நல்ல பல்கலைக்கழகங்கள் இருந்தும், அவற்றில் பட்டம் பெற்றவர்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். சேலத்தையும் நாமக்கல்லையும் பற்றி எழுதியது போலவே இருக்கிறதல்லவா?

மூன்று நகரங்களையும் இணைத்தால் வரும் முக்கோணத்தின் நடுவே பைன் மரக்காடும் தரிசு நிலமுமாக இருந்த இடத்தில் ஆராய்ச்சிப் பூங்கா அமைக்கத் திட்டமிட்டார்கள். முதலில் இலாப நோக்கில் ஒரு நெசவாலை முதலாளி நிலம் வாங்கினார். நிலம் கைமாறவில்லை, திட்டம் தள்ளாடியது. அப்போது ஆர்ச்சி டேவிஸ் என்ற வங்கியாளர் ஒரு மாறான வழியைச் சொன்னார். முதலீடு கேட்டால் கொடுக்காதவர்கள் நன்கொடை கேட்டால் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. மாநிலம் முழுவதும் சுற்றிச் சுமார் 15 இலட்சம் டாலர் திரட்டினார். 1959 இல் இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் பூங்கா பிறந்தது. முதலில் வந்தவற்றுள் ஒன்று கெம்ஸ்டிராண்ட் என்ற செயற்கை இழை நிறுவனம். அதன்பின் ஆறு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1965 இல் கணிப்பொறி நிறுவனமான ஐ.பி.எம். வரச் சம்மதித்தது, அதன் பிறகே வளர்ச்சி வேகம் பிடித்தது. இன்று அப்பூங்கா ஏறத்தாழ 7,000 ஏக்கர். முக்கோண நகரங்களின் வருமானம் நாட்டின் சராசரியை எட்டிப் பிடித்தது.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் அதே மாநிலத்தின் ஆலை ஊர்கள் என்ன ஆயின? முக்கோணத்துக்கு வெளியே, கன்னபோலிஸ் என்ற ஊரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்யும் மிகப் பெரிய ஆலை ஒன்று இருந்தது. ஊரே ஆலை, ஆலையே ஊர். வெளிநாட்டு மலிவுத் துணியின் போட்டி தாங்காமல் 2003 ஆம் ஆண்டு சூலையில் அது மூடப்பட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பூங்கா தொடங்கி அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 44 ஆண்டு ஆராய்ச்சி கன்னபோலிஸ் தறிகளைக் காக்கவில்லை. ஆலையை இடித்த இடத்திலேயே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உணவு, உடல்நல ஆராய்ச்சிக்கென வளாகம் ஒன்றை 2008 இல் திறந்தன. அழகான கட்டடங்கள். ஆனால் ஆய்வகத்தில் வேலை பெறத் தேவையான பட்டம், பள்ளிப் படிப்பையே முடிக்காமல் தறிக்குப் போன பல தொழிலாளரிடம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. 'வட்டாரம் வளர்ந்தது' என்று பொருளாதார நூல்கள் எழுதும்போது, அந்த வட்டாரத்தில் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. சராசரி வருமானம் உயர்வது ஒன்று; சராசரிக்குக் கீழே இருப்பவரின் தொழில் உயர்வது மற்றொன்று.

தரமணியில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இதற்கு வித்திட்டது மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை. 1980களில் 'ஸ்டெப்' என்ற திட்டத்தின் கீழ்ப் பொறியியல் கல்லூரிகளை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்காக்களை அத்துறை தொடங்கியது. அவற்றுள் முன்னோடிகளில் ஒன்று நமக்கு அருகிலேயே, திருச்சியில், அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி 1986 இல் அமைந்தது. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியிலும் 1998 இல் ஒன்று வந்தது. இவை சிறு தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சியும் தொடக்க இடமும் கொடுத்தன. திருச்சியில் பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி ஏற்கெனவே நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இருந்தமையால், கேட்பவர் இருந்த இடத்தில் கொடுப்பவர் வந்தார் எனலாம்.

பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பூங்கா என்ற முழுப் பொருளில் இந்தியாவில் முதலாவதாக எழுந்தது சென்னை ஐ.ஐ.டி.யின் பூங்காதான். தமிழக அரசு தரமணியில் நிலம் அளித்தது. 2010 இல் முதற்கட்டம் திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு சுமார் 12 இலட்சம் சதுர அடி. சென்னைக்கு ஒருமுறை சென்றிருந்தபோது வெளியில் நின்று பார்த்தேன். கண்ணாடிக் கட்டடம் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. சென்னையில் அத்தகையவை பல உண்டு. படித்தறிந்த ஒரு விதிதான் கவர்ந்தது.

அங்கே இடம் பெறும் நிறுவனம் வாடகை மட்டும் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு ஆண்டும் இவ்வளவு 'கிரெடிட்' சேர்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஐ.ஐ.டி. ஆசிரியரோடு சேர்ந்து ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டால் கிரெடிட். மாணவர்களைப் பகுதிநேரமாக வேலைக்கு வைத்துக்கொண்டால் கிரெடிட். தன் ஊழியர் ஒருவரை அங்கே மேற்படிப்புக்கு அனுப்பினால் கிரெடிட். ஆக, பல்கலைக்கழகத்தோடு பேசாமல் அங்கே குடியிருக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பாடமும் சொல்லித்தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதியது போன்றது இது. தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் ஆராய்ச்சிப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. 2000 இல் திறந்த டைடல் பூங்கா பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கல்லூரியின் ஆய்வகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அதில் குடியிருப்பவருக்கு இல்லை.

இங்கேயும் வழக்கம் முதலிலும் கட்டடம் பின்னாலும் வந்ததைக் காண்கிறோம். பூங்காவுக்கு அடிகோலிய பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய தோழர்களும் 1990களிலேயே, கம்பியில்லாமல் வீடுகளுக்குத் தொலைபேசி இணைப்புத் தரும் 'கார்டெக்ட்' என்ற முறையைச் சென்னையில் உருவாக்கினார்கள். தம் பழைய மாணவர்கள் தொடங்கிய மிடாஸ் என்ற நிறுவனத்தோடு கைகோத்துச் செய்த வேலை அது. பூங்கா திறக்கும்போது ஆசிரியர்களுக்குத் தொழிற்காரர்களோடு பேசிப் பழக்கம் இருந்தது. அப்பழக்கம் இல்லாத இடத்தில் இதே விதியை எழுதி ஒட்டினால் பலிக்குமா என்பது ஐயமே.

விளைந்தவை என்ன? அக்னிகுல் என்ற நிறுவனம் அங்கே வளர்ந்து, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினைக் கொண்ட ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. மற்றொன்று ஏதர் என்ற மின்சார ஸ்கூட்டர் நிறுவனம். அதன் பாதை நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013 இல் தொடங்கினார்கள். கருவாக இருந்தபோது ஐ.ஐ.டி. இடம் கொடுத்தது. வளர்ந்ததும் நிறுவனம் பெங்களூருவுக்குப் போயிற்று. ஸ்கூட்டர் செய்யும் ஆலையோ 2021 முதல் ஓசூரில் இருக்கிறது. 1965 இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை ஓசூர் நம் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை முதியவர்கள் அறிவர். பிறந்தது சென்னையில், அலுவலகம் பெங்களூருவில், ஆலைக் கூலி ஓசூரில். ஒரு பூங்காவின் பயன் அதன் மதிலுக்கு வெளியே எந்தத் திசையில் ஓடும் என்பதை மதில் கட்டியவர் தீர்மானிப்பதில்லை. இருசக்கர வண்டிக்கு வேண்டிய உதிரிப்பாகம் செய்வோரும் பழகிய கைகளும் ஓசூரில் ஏற்கெனவே இருந்தமையால் பயன் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஓர் எதிர்ப்புக் குரல்

எல்லாரும் பூங்காவைப் புகழ்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி 1970 இல் ஒரு பூங்காவைத் தொடங்கி வெற்றி கண்டதும், 1980களில் ஊருக்கு ஊர் பூங்கா கட்டினார்கள். டோரீன் மாஸி என்ற புவியியல் அறிஞர் இருவரோடு சேர்ந்து 1992 இல் 'ஹைடெக் ஃபேன்டசீஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஆய்வகத்தில் கண்டுபிடித்து மேலிருந்து கீழே ஊற்றினால் தொழில் நடக்கும் என்ற எண்ணமே தவறு என்று அவர்கள் வாதிட்டார்கள். உயர்படிப்புக்காரர் ஒரு பக்கமும் கை வேலைக்காரர் மறுபக்கமுமாகச் சமுதாயம் பிரிவதைப் பூங்கா அழகுபடுத்திக் காட்டுகிறது என்றும் குறை சொன்னார்கள். பூங்காவுக்குள் இருந்த நிறுவனங்களையும் அதே வகையில் வெளியே இருந்தவற்றையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வுகளிலும், ஆராய்ச்சிச் செலவிலோ காப்புரிமையிலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை.

பூங்கா இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் வேறிடத்தில் பிழைத்திருக்குமா என்ற வினாவுக்கு விடை காண்பது கடினம். வேலை எண்ணிக்கையைப் பெருமையோடு அச்சிடும் அறிக்கைகள் பெரும்பாலும் இவ்வினாவைத் தொடுவதில்லை. என் கருத்தில் மாஸியின் குறை பாதி சரி. கீழிருந்து மேலே கேள்வி போகும் வழி இருந்தால் அவருடைய குற்றச்சாட்டு வலுவிழக்கும். அத்தகைய வழி உண்டா என்று நான் தேடியது வெளிநாட்டில்; கிடைத்ததோ ஆத்தூர் போகும் வழியில்.

ஏத்தாப்பூரில் ஒரு குளவி

நம் மாவட்டத்தில் கண்ணாடிக் கட்டடமில்லாத ஒரு பூங்கா இருக்கிறது. ஏத்தாப்பூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறேன்.

சேலத்துச் சவ்வரிசித் தொழில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, 1943 வாக்கில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவின் பினாங்கிலிருந்து வந்து இத்தொழிலை நன்கறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யத் தலைப்பட்டார்கள். கையால் குலுக்கி, வாணலியில் வறுத்துச் செய்த தொழில் பிறகு நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகியது. 1981 இல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 2023 இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஆலைக்கு வரும் கிழங்கில் ஆராய்ச்சியின் கை நிச்சயம் உண்டு. திருவனந்தபுரத்து மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971 இல் வெளியிட்ட எச்-226, எச்-165 என்னும் வீரிய ஒட்டு இரகங்கள்தாம் நம் பக்கத்துக் காடுகளை நிறைத்தன. எங்கள் பக்கத்து உழவர்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். இரகத்தின் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

2020 இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தோன்றியது. விரைவில் சேலம், நாமக்கல் காடுகளிலும் பரவியது. குருத்து சுருண்டு, கணு குறுகி, செடி கட்டையாகி நின்றது. இராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கர் பயிரிட்டிருந்த என் மாமா, மருந்தடித்து மருந்தடித்துக் கடன் பட்டதுதான் மிச்சம். அப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து பெரும் அழிவு செய்தது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற அறிவியலாளர் தலைமையில் அதன் இயற்கைப் பகைவனைத் தேடி, பராகுவே நாட்டில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கண்டு, ஆப்பிரிக்காவில் வளர்த்துப் பரப்பினார்கள். பூச்சி அடங்கியது, ஹெரனுக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் முதன்முதலாக விட்டது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். தானே பெருகும், மீண்டும் மீண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பராகுவேக் காடு, பெனின் ஆய்வகம், பெங்களூரு, ஏத்தாப்பூர், மாமாவின் இரண்டு ஏக்கர் என்று இந்தச் சங்கிலியை எண்ணிப் பாருங்கள். கடைசிக் கண்ணியான ஏத்தாப்பூர் இல்லாவிட்டால் முன்னவை நமக்குப் பயன்படா. உழவர் நேரில் போய், நோயுற்ற குருத்தை ஒடித்து மேசைமேல் வைத்து 'இது என்னங்க?' என்று கேட்கக்கூடிய இடம் அது. நாமக்கல்லில் 1985 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியையும் இவ்வாறே சொல்லலாம். கோழிப்பண்ணையார் மக்காச்சோளத் தீவனத்தில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சின் இருக்கிறதா என்று சோதித்தறிய அதன் ஆய்வகத்தை நாடுகிறார்கள். பண்ணைத் தொழில் கல்லூரிக்கு முன்பே வளரத் தொடங்கியது. கல்லூரி பக்கத்திலேயே வந்தமைந்தது. வாடகை வாங்கும் கட்டடம் இல்லாமலே இவை பூங்காவின் வேலையைச் செய்கின்றன.

கேட்கப்படாத கேள்விகள்

2024 இல் சேலம் கருப்பூர்ப் பகுதியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அரசுப் பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. நம்மில் சிலருக்கு அங்கே வேலை கிடைக்கும்; மகிழ்ச்சி. ஆனால் தரமணியின் கிரெடிட் விதி போன்று ஏதேனும் ஒன்று இங்கும் வந்தால்தான் அது நம் வட்டாரத் தொழில்களைத் தொடும் என்று எண்ணுகிறேன். வந்தால் கேட்பதற்குக் கேள்விகள் நம்மிடம் நிறைய உண்டு.

சவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு விலை 'பாயிண்ட்' கணக்கில் போடுகிறார்கள். மாவுச்சத்து ஒரு பாயிண்ட் குறைந்தால் வண்டிப் பாரத்தில் பெருந்தொகை குறையும். ஓர் ஆலையில் 24 பாயிண்ட் என்று சொன்ன மாமாவின் கிழங்கு, மறுநாள் மற்றோர் ஆலையில் 27 காட்டியது. எது சரி? கிழங்கின் அடர்த்தியை அளந்து மாவுச்சத்தைக் கணிக்கலாம் என்பது அறிவியல் ஒப்பிய முறை. காற்றிலும் நீரிலும் எடை போடும் ஆர்க்கிமிடீசுத் தத்துவம்தான். நாம் பள்ளியிலேயே படித்தோம். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு கல்லூரி ஆய்வகம் நின்று அளந்து சொன்னால் சண்டையே இல்லை. மாமாவுக்கு இது அறிவியல் பூங்காவைவிடப் பெரிய காரியம்.

இன்னொன்று எங்கள் ஊர்க் கேள்வி. ஆட்டையாம்பட்டி முறுக்குக்குப் பேர் அதிகம், ஆயுள் குறைவு. அம்மா வேலை செய்யும் இடத்தின் முதலாளி அக்கா ஒருநாள் என்னிடம், "தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற? வெளியூருக்கு அனுப்புற முறுக்கு கொஞ்ச நாள்லயே சிக்கு வாடை அடிக்குதுன்னு திருப்பி அனுப்புறாங்க. எண்ணெய மாத்தணுமா, பையை மாத்தணுமா? அதச் சொல்லு முதல்ல" என்றார். இது மிகச் செம்மையான ஆராய்ச்சி வினா. காறலுக்குக் காரணம் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் ஆக்சிஜனோடு சேர்வது. அதை அளப்பது பெராக்சைடு எண். எண்ணெயைக் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிப்படும் அயோடினைச் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பார்க்க வேண்டும். நிறங்காட்டி ஸ்டார்ச் கரைசல். சேலத்துக்காரர்கள் அதையாவது வெளியூரிலிருந்து வாங்காமல் இருக்கலாம்!

முறுக்கு சுட்ட அன்றே பெராக்சைடு எண் உயர்ந்திருந்தால் குற்றம் எண்ணெயில். அன்று குறைவாக இருந்து, பையில் நாளாக நாளாக ஏறினால் குற்றம் பையில். காற்றுப் புகாத உறையோ நைட்ரஜன் நிரப்பலோ வேண்டியிருக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு வேறொரு சோதனையும் உண்டு. துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடப்பிலுள்ள விதி. அவ்விதியைக் கண்டு எங்கள் ஊரில் அஞ்சுவோர் உண்டு. தம் எண்ணெய் எவ்வளவு காட்டும் என்று அளந்து பார்த்தவரை நான் கண்டதில்லை. அம்மாவின் கூலி ஒரு நாளைக்கு எத்தனை முறுக்குத் திரும்பி வராமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்த வினா எனக்கு வெறும் பாடமன்று.

இவ்விரண்டுக்கும் கோடி ரூபாய்க் கட்டடம் தேவையில்லை. நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் தயோசல்பேட்டும் இருக்கின்றன. ஆண்டுதோறும் நாம் கடையில் வாங்கிய எண்ணெய்க்கு அயோடின் எண் கண்டு, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் பெற்று, மறந்துவிடுகிறோம். அதே நேரத்தில், அதே செலவில், ஆட்டையாம்பட்டிப் பட்டறை ஒன்றின் எண்ணெயை எடுத்துக்கொள்ளலாம்: முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் எனப் பிரித்து ஆளுக்கொரு மாதிரியாகப் பார்த்தால், வகுப்பில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் அந்த அக்காவுக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிடலாம். இயற்பியல் மாணவர்கள் கிழங்கை எடை போடலாம். விலங்கியல் மாணவர்கள் ஏத்தாப்பூர்க் குளவி இராசிபுரம்வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்று மாமாவின் காட்டில் எண்ணிப் பார்க்கலாம். மாமா இளநீர் வெட்டித் தருவார்.

வரும் பருவத்தின் செய்முறை வகுப்புக்கு இதைச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று துறைப் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே பட்டறையிலிருந்து தொடர்ந்து மாதிரி எடுக்கவும், சுட்ட நாளைப் புட்டியின்மேல் எழுதி ஒட்டவும் அக்காவிடம் பேசி வைத்திருக்கிறேன். பழுப்பு நிறப் புட்டிகள் 12 வேண்டும், வெளிச்சம் படக்கூடாது. காலை முதல் பேருந்தில் நானே கொண்டுவந்துவிடுவேன்.